மலிவும் பொறுப்பும்

ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்பொழுது, அம்மலிவின் பொருட்டு எது குறைக்கப்பட்டது என்று வினவுவோர் சிலரே. துணியில் இழை குறைந்தால் அது விரைவில் நைந்துபோகும், அவ்வளவே. வானில் செல்லும் ஊர்தியில் குறைத்தால் என்னாகும்? இந்தோனேசியாவில் ஐந்தாண்டுகூட நிறைவுறாமல் பறந்து மறைந்த ஆடாம் ஏர் என்னும் தனியார் விமான நிறுவனத்தின் வரலாறு இவ்வினாவை நம் முன் வைக்கின்றது.

ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் ஊர் செல்வதென்றால் ஏழைகளுக்குப் பல நாள் கப்பற்பயணமே கதியாக இருந்தது. அரசு வான்போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் தனியார் நிறுவனங்கள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றாக 2002இல் நிறுவப்பெற்ற ஆடாம் ஏர், 2003 டிசம்பரில் பறக்கத் தொடங்கியது. கட்டணம் குறைந்தது, பெருநாளுக்கு வீடு திரும்பும் தொழிலாளியும் வானூர்தியில் அமர்ந்தான். இதனைப் பழித்தல் தகாது. கப்பல் மட்டும் காப்பாக இருந்ததா என்ன? 2006 டிசம்பர் 30இல் செனோபாத்தி நுசாந்தாரா என்னும் கப்பல் ஜாவாக் கடலில் மூழ்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஆகவே, 'மலிவான விமானத்தில் ஏன் ஏறினீர்கள்?' என்று வசதியுடையோர் கேட்பது அறமாகாது.

அக்கப்பல் மூழ்கிய இரண்டாம் நாள், அதாவது 2007 சனவரி 1ஆம் நாள், சுராபாயாவிலிருந்து மனாடோ நோக்கிப் புறப்பட்ட ஆடாம் ஏர் 574ஆம் விமானம், 102 பேருடன் சுலாவெசிக்கு அருகே காணாமற்போயிற்று. மறுநாள், விமானத்தின் சிதைவுகள் மலைப்பகுதியில் கிடைத்தன என்றும் பன்னிருவர் உயிருடன் உள்ளனர் என்றும் அதிகாரிகள் அறிவித்தனர். அவ்வறிவிப்பு பொய்த்துப்போனது. தத்தம் உறவினர் அப்பன்னிருவருள் இருக்கக்கூடும் என்று நம்பிக் கிடந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! உறுதிப்படுத்தாத சொல்லும் ஒரு தீங்கே. விமானத்தின் கறுப்புப் பெட்டிகள் கடலடியில், ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. மீட்கும் செலவை ஏற்பது யார் என்ற வழக்காட்டத்தில் மாதங்கள் கழிய, ஆகஸ்டில்தான் அவை வெளியே வந்தன.

அவை சொன்ன செய்தி எளியது. விமானத்தின் இருப்பிடத்தையும் சாய்வையும் உணர்ந்து காட்டும் கருவியமைப்பில் கோளாறு. விமானிகள் இருவரும் இறுதிப் பதின்மூன்று நிமிடங்களேனும் அக்கோளாற்றிலேயே மூழ்கியிருந்தனர். அதனைச் சீர்செய்ய முயல்கையில் தானியங்கி விமானி விடுபட்டது. விமானம் மெல்ல வலப்புறம் சரிந்தது. எச்சரிக்கை ஒலித்தும் அதனை உரிய வேளையில் நிமிர்த்துவார் இல்லை. இத்தகைய நிலையிலிருந்து மீள அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை என்றும், அக்கருவியின் கோளாறு முந்திய மாதங்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியும் தீர்க்கப்படவில்லை என்றும் 2008 மார்ச்சில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. இதற்கும் முன்னர், 2006 பிப்ரவரியில், இதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் வழிகாட்டும் கருவிகள் செயலிழந்து, மக்காசாருக்குச் செல்ல வேண்டியது பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சும்பாத் தீவில் இறங்கியது. உயிரிழப்பு இல்லாததால் அஃது ஒரு வேடிக்கைச் செய்தியாகவே பலருக்கு முடிந்துபோயிற்று.

ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளில் ஆண்டுக்கணக்கில் கையொப்பமிட்டு வந்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். ஒரே குறை பத்து முறை ஏட்டில் எழுதப்பட்டால், பத்தாம் முறை அது குறையாகத் தோன்றுவதில்லை, வழக்கமாகத் தோன்றுகின்றது. எழுதியவன் தன் கடமை முடிந்தது என்கிறான். படித்தவன் முன்பே படித்ததுதானே என்கிறான். பொய் சொன்னவர் எவருமில்லை. ஆயினும் ஏடு நிறைய உண்மை இருக்க, விமானம் பழுதுடனே பறக்கின்றது.

எனவே, குற்றம் யாருடையது? விமானிகளுடையது என்பது விரைவில் கிட்டும் விடை. இறந்தோர் மறுத்துரைக்க வாரார். அவர்கள் தவறினர் என்பது மெய்யே. ஆனால், பழுதான கருவியையும் பெறாத பயிற்சியையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பியோர் தரையில் இருந்தனர். பயணியோ அச்சீட்டை விரும்பித்தானே வாங்கினான் என்பர் சிலர். விரும்பினான், அறிந்து விரும்பினானா? நெரிசலான இருக்கைக்கும் கிடைக்காத உணவுக்கும் அவன் உடன்பட்டான். பழுதுபார்க்கப்படாத கருவிக்கு உடன்பட்டான் என்று சொல்ல, அவனுக்கு அதனைக் காட்டியவர் யார்? விபத்துக்கு இரண்டு மாதத்திற்கு முன், 2006 நவம்பரில், சிங்கப்பூரில் நடந்த வான்போக்குவரத்து மாநாடு ஒன்றில் இந்நிறுவனம் மலிவுக் கட்டண விமானச் சேவைக்காகப் பாராட்டு விருது பெற்றது. துறை வல்லோரே விருது வழங்கினர் எனில், சந்தையில் மீன் விற்கும் பெண் எதனைக் கண்டு ஐயுறுவாள்? அறியும் வாய்ப்பற்றவனின் சார்பில் அறிந்துகொள்ளவே அரசு உள்ளது. அது 2007 மார்ச்சில் நிறுவனங்களை மூன்று தரமாகப் பிரித்து, ஆடாம் ஏரைக் கடைத்தரத்தில் வைத்தது. வைத்தபின்னும் பறக்க விட்டது.

அதற்கு முந்திய மாதமே சுராபாயாவில் ஒரு விமானம் தரையில் மோதியிறங்கி நடுவுடல் வளைந்திருந்தது. 2008 மார்ச்சில் சிங்கப்பூருக்கு எதிரே உள்ள பாத்தாமில் மற்றொன்று ஓடுபாதையை விட்டு விலகியது. அதன் பின்னரே பறத்தல் நிறுத்தப்பட்டது. சூன் மாதம் உரிமமும் பறிக்கப்பட்டது.

பத்தாண்டுகள் சென்றன. 2018 அக்டோபர் 29இல் லயன் ஏர் 610ஆம் விமானம் சகார்த்தாவிலிருந்து எழும்பிய சிறிது நேரத்தில் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். வடிவமைத்த போயிங் நிறுவனத்தின் பிழை அதில் பெரிது. எனினும் முதல்நாள் இரவு அதே விமானம் தென்பசாரிலிருந்து வருகையில் அதே இடரைச் சந்தித்து, விமானிகள் போராடித் தரையிறக்கியிருந்தனர். இறங்கியபின் அவர்கள் குறையேட்டில் சில வரிகள் எழுதினர். கட்டுப்பாட்டுத் தண்டு வழிமுழுதும் எச்சரித்து அதிர்ந்துகொண்டே இருந்தது என்பது அவ்வரிகளில் இல்லை.