சபைகள் பிரிந்தன, தேசமும் பிரிந்தது

1860 டிசம்பர் 20 அன்று சார்ல்ஸ்டன் நகரில் கூடிய தென் கரோலினா மாநாட்டில் 169 பேர் வாக்களித்தார்கள். அமெரிக்க ஐக்கியத்தை விட்டு விலகுவது என்பதே 169 பேரின் முடிவும். நான்கு நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விலகலுக்கான காரணங்களை உலகுக்குச் சொல்லும் அறிக்கை ஒன்றை நிறைவேற்றினார்கள். சுங்க வரி பற்றி அதில் பேச்சே இல்லை. ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்பதுதான் தலையாய புகார். அதோடு இன்னொன்றும் இருந்தது: வடக்கத்தியர் அடிமை முறையைப் பாவம் என்று பழிக்கிறார்கள். அரசியல் தவறு ஒன்றுக்கு, அதைவிடத் தவறான மத நம்பிக்கை ஒன்றின் அங்கீகாரத்தை வடக்கு கொடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டோடுதான் அந்த அறிக்கை முடிவை நெருங்குகிறது.

ஒரு மாநிலம் நாட்டை விட்டு வெளியேறும்போது எழுதும் ஆவணத்தில், எது பாவம் என்ற வழக்கு ஏன் வந்து உட்கார்ந்தது?

பணம் ஒரு காரணம். அதை மறைக்க எதுவும் இல்லை. 1860 கணக்கெடுப்பின்படி 3 கோடியே 14 லட்சம் மக்களில் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அவர்களே. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. ஆனால் பணத்துக்காக மட்டும் மோதுகிறவர்கள் பேரம் பேசுவார்கள். 1820இலும் 1850இலும் அப்படித்தான் பேசி முடித்தார்கள். ஒரு தரப்பு ‘இது பாவம்’ என்றும் மறுதரப்பு ‘இது கடவுள் எங்களிடம் ஒப்படைத்த கடமை’ என்றும் சொல்லத் தொடங்கிய பிறகு பேரத்துக்கு இடமில்லாமல் போனது. பாவத்தில் பாதியை விட்டுக்கொடுக்க யாராலும் முடியாது.

தெற்கு எப்போதும் இப்படிப் பேசவில்லை. 1784இல் பால்டிமோரில் கூடிய மெதடிஸ்ட் சபையினர், உறுப்பினர்கள் தங்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்றே விதி செய்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் சில மாதங்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தலைமுறையின் தெற்கத்தியத் தலைவர்கள் பலர் அடிமை முறையைத் தீமை என்று ஒப்புக்கொண்டே அடிமைகளை வைத்திருந்தார்கள். 1837இல் ஜான் கால்ஹூன் செனட்டில் எழுந்து, அது தீமை அல்ல, நன்மையே என்று பேசினார். இடையில் பருத்தியின் காலம் வந்துவிட்டிருந்தது. லாபம் பெருகியது, லாபத்துக்கு மனசாட்சியின் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த ஒப்புதலைத் தேடிக் கொடுத்தவர்கள் போதகர்கள்.

அவர்களுக்கு வசனத்துக்குப் பஞ்சமில்லை. ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள். மோசேயின் சட்டம் அடிமை முறையை ஒழுங்குபடுத்துகிறதே தவிர ஒழிக்கவில்லை. பவுல், ஒநேசிமுவை அவன் எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார். எதிர்த்தரப்பிடமும் வசனங்கள் உண்டு: மனிதனைத் திருடி விற்பவனுக்கு யாத்திராகமம் மரண தண்டனை விதிக்கிறது, எஜமானிடமிருந்து தப்பி வந்தவனைத் திருப்பிக் கொடுக்காதே என்கிறது உபாகமம். இருந்தாலும் நேர்மையாகச் சொன்னால், வசனத்துக்கு வசனம் எண்ணும் வாதத்தில் தெற்கின் கைதான் ஓங்கியிருந்தது. அடிமை முறை ஒழிப்பாளர்கள் மீண்டும் மீண்டும் எழுத்தைத் தாண்டி அதன் ஆவியைக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்து எழுத்தாக நம்பும் சமூகத்தில் அது எளிதான காரியமல்ல.

ஆனால் தெற்கின் வாதத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. பைபிள் அடிமை முறையை அனுமதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கறுப்பர்கள் மட்டும்தான் அடிமைகள் என்று எந்த வசனம் சொல்கிறது? ரோமாபுரியில் எந்த நிறத்தவரும் அடிமையாகலாம். நோவாவின் சாபத்தைத் தெற்கின் போதகர்கள் ஓயாமல் காட்டினார்கள்; அந்தச் சாபமோ கானான் மீது விழுந்தது, அதில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. இனவெறியை வேதத்துக்குள் இவர்களே கொண்டுபோய் வைத்து, பிறகு வேதத்திலிருந்து எடுத்ததாகக் காட்டினார்கள்.

தேசத்துக்கு முன்னால் சபைகள் பிளந்தன. 1844இல் நியூயார்க்கில் மெதடிஸ்ட் பொது மாநாடு கூடியபோது, ஜார்ஜியாவைச் சேர்ந்த பிஷப் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளின் உரிமையாளர் என்பது விவாதமானது. ஒருவர் உயில் வழி வந்தவர், ஒருவர் முதல் மனைவி வழி வந்தவர். இரண்டாம் மனைவிக்கும் அடிமைகள் உண்டு. விடுவிக்க ஜார்ஜியா சட்டம் இடம் தரவில்லை என்றார் அவர். அந்தத் தடை நீங்கும்வரை பிஷப் பணியை விட்டு ஒதுங்கியிருக்கச் சொன்னது மாநாடு. அடுத்த ஆண்டே தெற்கத்திய மெதடிஸ்டுகள் லூயிவில்லில் கூடித் தனிச் சபை அமைத்தார்கள். அதே 1845இல், அடிமை உரிமையாளரை மிஷனரியாக நியமிக்க மாட்டோம் என்று சொல்லப்பட்டதால் தெற்கத்திய பாப்டிஸ்டுகளும் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் பிரிந்தார்கள்.

நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் இந்தச் சண்டையில் உண்டு. வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திய, மதுரையில் மிஷன் நிறுவிய அமெரிக்கன் போர்டு, அடிமை முறையை எதிர்த்து உறுதியாக நிற்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டது. மனம் கசந்த ஒழிப்பாளர்கள் 1846இல் வேறொரு மிஷனரி சங்கமே தொடங்கினார்கள்.

1850 மார்ச்சில், சாவின் விளிம்பில் இருந்த கால்ஹூனின் கடைசிப் பெரிய உரையை இன்னொரு செனட்டர் வாசித்தார். தேசத்தைக் கட்டியிருக்கும் கயிறுகளில் வலுவானவை சபைகள், அவை அறுந்துகொண்டிருக்கின்றன என்று அந்த உரை எச்சரித்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு சரி.

இத்தனை விவாதத்திலும் அடிமைகளின் வாசிப்பை யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு அஞ்சப்பட்டது என்பதற்கு 1807இல் லண்டனில் அச்சான ஒரு புத்தகம் சாட்சி. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக வெட்டிச் சுருக்கிய பைபிள் அது. பழைய ஏற்பாட்டின் மிகப் பெரும் பகுதி அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் கதை இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் பத்திரமாக இருக்கிறது. எந்தப் பக்கம் விடுதலையைப் பேசுகிறது என்பது வெட்டியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதையை வெட்டி மறைத்துவிட முடியாது, அமெரிக்கத் தெற்கின் தோட்டங்களில் எழுத்தறியாதவர்கள்கூட மோசேயின் கதையைப் பாடிப் பாடியே தலைமுறைக்குக் கடத்தினார்கள்.

மேரிலாந்தில் அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ் தன் எஜமான் தாமஸ் ஆல்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 1832இல் ஒரு மெதடிஸ்ட் முகாமில் ஆல்ட் மனம் திரும்பினார். இனி நம்மை விடுவிப்பார், குறைந்தது இரக்கமாவது காட்டுவார் என்று டக்ளஸ் நம்பினார். நடந்தது வேறு. கை ஊனமான ஓர் இளம்பெண்ணைக் கட்டி வைத்து, ரத்தம் வழிய அடித்து, எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரன் அநேக அடிகள் படுவான் என்ற பொருள் தரும் வசனத்தை ஆல்ட் ஓதினார். அவருடைய பக்தி பொய் அல்ல என்பதுதான் இதில் பயங்கரம். குடும்ப ஜெபம் நடத்தினார், போதகர்களை உபசரித்தார். நம்பிக்கை இருந்தது, அடிபடுகிறவளின் இடத்தில் நின்று வேதத்தைப் படிக்கும் மனம் இல்லை. அநீதியால் பிழைக்கிறவர் செய்யும் வியாக்கியானத்தை, அந்த அநீதியைச் சுமக்கிறவரின் வியாக்கியானத்துக்குச் சமமாக வைத்து எடை போடக் கூடாது. வசனப் போர் தராத விடையை இந்த இடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

1860 நவம்பர் 29, நன்றி அறிவிப்பு நாள். லிங்கன் தேர்தலில் வென்று மூன்று வாரம் ஆகியிருந்தது. நியூ ஆர்லியன்ஸில் பிரெஸ்பிட்டேரியன் போதகர் பெஞ்சமின் பால்மர், அடிமை முறையைக் காத்து நிலைநிறுத்துவதே தெற்கின் தெய்வீகப் பொறுப்பு என்று பிரசங்கித்தார். அச்சாகித் தெற்கெங்கும் பரவிய பிரசங்கம் அது. இரண்டே மாதத்தில் லூயிசியானாவும் விலகியது. மார்ச்சில் சவானாவில் பேசிய, விலகிய மாநிலங்கள் சேர்ந்து அமைத்த புதிய அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், மனிதர் சமம் அல்லர் என்பதே அந்த அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார். அதன் அரசியலமைப்பின் முகவுரை கடவுளின் அருளை வேண்டியது. அடிமை உடைமையைப் பறிக்கும் சட்டம் எதுவும் இயற்றக் கூடாது என்று அதே சாசனம் தடையும் விதித்தது. மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று ஸ்டீபன்ஸ் பிற்பாடு பெரிய புத்தகம் எழுதினார். அடிமைகளைப் பிடித்துத் தர மறுத்த வட மாநிலங்களின் உரிமை 1860இல் தெற்குக்கு உரிமையாகவே தெரியவில்லை என்பதைத் தென் கரோலினாவின் அறிக்கையே காட்டிக்கொடுக்கிறது.

1861 ஏப்ரலில் தொடங்கிய போர் நான்கு ஆண்டு நீடித்தது. மாண்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்ற லிங்கன், இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளிடம் வேண்டின என்றார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கடவுள் நம் பக்கம் என்று அவர் மார்தட்டவில்லை. அடிமை முறையைத் தெற்கின் பாவம் என்று மட்டும் சொல்லாமல் அமெரிக்காவின் பாவம் என்றார். தண்டனை இரு தரப்புக்கும் என்றார். அந்தப் போர் எழுப்பிய இறையியலில் அந்தச் சிறிய உரைக்கு ஈடாக எந்தப் பிரசங்கத்தையும் சொல்ல முடியாது.

தோற்ற தெற்கின் போதகர்களில் பலர், கடவுள் தாம் நேசிக்கிறவர்களைச் சிட்சிக்கிறார் என்று தேறிக்கொண்டார்கள். தாங்கள் பிரசங்கித்தது தவறு என்று சொல்லவில்லை. மெதடிஸ்டுகள் 1939இல் மறுபடி இணைந்தபோதும் கறுப்பர்களுக்குத் தனி நிர்வாகப் பிரிவு வைத்தார்கள். அது 1968இல்தான் நீங்கியது. தெற்கத்திய பாப்டிஸ்டுகள் மன்னிப்புக் கேட்டது 1995இல்.

கறுப்பர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. போருக்கு முன் தெற்கத்திய மெதடிஸ்ட் சபையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் இருந்தார்கள். விடுதலை வந்ததும் பெரும்பாலோர் எஜமானர்களின் ஆலயங்களை விட்டு வெளியேறினார்கள். பலர் வடக்கின் கறுப்பர் சபைகளில் சேர்ந்தார்கள். எஞ்சியவர்கள் 1870இல் டென்னசி ஜாக்சனில் தங்களுக்கென்று ஒரு சபையும், தங்களிலிருந்தே பிஷப்புகளும் ஏற்படுத்திக்கொண்டார்கள்.