மூடிய பிறகு தெரியாத இருக்கை

இலுப்பூரில் என் மேசைமேல் ஒரு நாட் (Gnat) போர்விமான மாதிரி பாதி ஒட்டிய நிலையில் கிடக்கிறது. அசலில் 72-இல் ஒரு பங்கு. இறக்கை நுனிக்கு நுனி ஒன்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் இந்திய விமானப்படை விமானி நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டி உயிர்விட்ட ரகம்.

நேற்றிரவு இரண்டு மணி நேரம் விமானியின் இருக்கைக்கு வார்ப்பட்டை வரைந்தேன். கண்ணாடிக் கூட்டை மூடினால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. “யாருக்குங்க இது?” என்றார், வீடியோ அழைப்பில் தன் விமானத்துக்குப் பெயின்ட் கலந்துகொண்டிருந்த கோவை நண்பர். அவர் அந்த இடத்தைக் கறுப்படித்துவிட்டுப் போகிறவர்.

அய்யனார் கோயில் மண்குதிரை நினைவுக்கு வந்தது. உள்ளே வெற்றிடம், ஓடவும் ஓடாது. அதைச் செய்த குயவர், வேளார், கண் திறந்ததும் அது சாமியின் வாகனம். பொம்மை என்று ஒருவரும் சொல்வதில்லை. என் விமானத்துக்குக் கண் திறப்பவர் யார்? நானேவா? (சிரிப்புதான் வருகிறது.)

சங்கடம் வேறிடத்தில். அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். ஓருயிரும் நோகக் கூடாதென்று வாழ்ந்த சமணர்களின் கற்படுக்கைகள் அங்கே, தலைமாடு மட்டும் சற்று மேடாக. அதைத் தொட்டுப் பார்த்த விரலால் 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டின் வாயிலும் புகைக்கரி தீற்றுகிறேன். செகோனை வணங்குகிறேனா, பீரங்கியையா?

கரியைத் தீற்றிவிட்டேன். இருக்கைப் பட்டையின் கொக்கி இன்னும் பாக்கி.