இரண்டாவது கப்பல்

பத்துப் பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றால், ஒவ்வொருவனும் பத்தில் ஒரு பங்கு கொலைதான் செய்தான் என்று யாரும் சொல்வதில்லை. பத்துப் பேரும் கொலைகாரர்களே. ஆனால் ஆறாயிரம் பேர் ஒரு குன்றின்மேல் கூடி, கை தூக்கி, அதே காரியத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால் நம்முடைய கணக்கு மாறிவிடுகிறது. அதற்கு அப்போது கொலை என்று பெயரில்லை. மக்கள் தீர்ப்பு என்று பெயர். கை தூக்கியவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். “நான் ஒருவன் கை தூக்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கப் போகிறது?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கேள்வி நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. அதனால்தான் அது பயங்கரமான கேள்வி.

ஜனநாயகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பழைய ஏதென்ஸ் நகரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். நானும் போட்டுவிடுகிறேன். பினிக்ஸ் குன்றின்மேல் செருப்புத் தைக்கிறவனும் சீமானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போரா சமாதானமா என்று தீர்மானித்தார்கள். அன்றாட விவகாரங்களைக் கவனித்த ஐந்நூற்றுவர் சபைக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வந்தேறிகளுக்கும் அங்கே வாயில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். கும்பிடு போடுகிறபோது கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமென்று கட்டாயமில்லை அல்லவா?

நான் கதை எழுதுகிறவன். ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள அவனுடைய கொள்கைகளைக் கேட்பதைவிட, கோபம் வந்த அன்று அவன் என்ன செய்தான் என்று விசாரிப்பது மேல் என்று எண்ணுகிறவன். நகரங்களுக்கும் அதே விதிதான். ஏதென்ஸுக்குக் கோபம் வந்த இரண்டு சந்தர்ப்பங்களை மட்டும் பார்க்கலாம்.

முதலாவது, கி. மு. 427. லெஸ்பாஸ் தீவில் உள்ள மிட்டிலீன் என்ற நகரம் ஏதென்ஸின் தோழமை நாடாக இருந்து, ஸ்பார்ட்டாவோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம் பார்த்துக் கலகம் செய்தது. கலகம் அடங்கிற்று. ஏதென்ஸ் மக்கள் கூடினார்கள். நம்பியவன் செய்த துரோகம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? மிட்டிலீனில் வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொன்றுவிடுவது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று தீர்மானமாயிற்று. உத்தரவை எடுத்துக்கொண்டு ஒரு கப்பல் அன்றே புறப்பட்டது.

அன்று இரவு ஏதென்ஸ் சரியாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் பொழுது விடிந்ததும் மக்களுக்கு மனம் மாறிவிட்டது என்று துஸிடிடீஸ் தம் சரித்திரத்தில் சொல்லுகிறார். குற்றவாளிகளை மட்டுமன்றி ஒரு நகரத்தையே அழிப்பது கொடுமை என்று பட்டதாம். மறுபடியும் சபை கூடிற்று. கிளியான் என்பவன் எழுந்து, நேற்று எடுத்த முடிவை இன்று மாற்றுகிற நீங்கள் சாம்ராஜ்யம் ஆள லாயக்கற்றவர்கள் என்ற தோரணையில் பேசினான். எதிர்க்கட்சி பேசுகிறவன் லஞ்சம் வாங்கியவனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் கோடி காட்டினான்.

பதில் சொல்ல எழுந்தவன் டயோடாட்டஸ். சரித்திரத்தில் இந்த ஒரு நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துபோன மனிதன். அவன் முதலில் மிட்டிலீனைப் பற்றிப் பேசவில்லை. நல்ல பிரஜை எதிராளியைப் பயமுறுத்தி ஜெயிக்கக்கூடாது, நியாயத்தைச் சொல்லி ஜெயிக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். அப்போதும் இரக்கம் என்ற சொல்லை அவன் நம்பவில்லை. எல்லோரையும் கொன்றால், நாளைக்குக் கலகம் செய்கிற ஊர் சரணடையாது, கடைசி ஆள் வரையில் சண்டை போடும். நமக்குத்தான் நஷ்டம் என்று கணக்குச் சொன்னான். கைகள் கிட்டத்தட்டச் சமமாக உயர்ந்தன. டயோடாட்டஸ் மயிரிழையில் ஜெயித்தான்.

உடனே இரண்டாவது கப்பலை விரட்டினார்கள். முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திக்கொண்டிருந்தது. துடுப்பு வலிக்கிறவர்கள் வாற்கோதுமை மாவை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, வலித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முன்னால் போன கப்பலோ, போகிற காரியம் கசப்பானதால் அவசரப்படாமலே போயிற்று. தளபதி பாக்கீஸ் உத்தரவைப் படித்து முடித்து, நிறைவேற்ற முனைகிற தறுவாயில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. ஊர் தப்பியது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கலகத்தில் முன்நின்றவர்கள் என்று சொல்லி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள் என்பதையும் துஸிடிடீஸ் எழுதியிருக்கிறார். இரண்டாவது கப்பல் எல்லோரையும் காப்பாற்றுவதில்லை.

இரண்டாவது சந்தர்ப்பம் 21 வருஷங்களுக்குப் பிறகு, கி. மு. 406-ல். அர்கினுஸே தீவுகளின் பக்கம் நடந்த கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் 25 கப்பல்கள் போயின. உடைந்த கப்பல்களில் தொற்றிக்கொண்டிருந்தவர்களைப் புயலின் காரணமாகக் காப்பாற்ற முடியவில்லை. வென்று வந்த தளபதிகளின்மேல் ஊர் பாய்ந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் தீர்ப்பு என்று யோசனை வந்தது. அது சட்ட விரோதம் என்று யூரிப்டோலமஸ் என்பவன் தடுத்தான். மக்கள் நினைத்ததைச் செய்ய விடமாட்டாயா என்று கூட்டம் இரைந்தது. மறுப்பவர்களையும் தளபதிகளோடு சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று ஒருவன் சொன்னான். மறுத்தவர்கள் மறுப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சபையை நடத்துகிற முறை வந்த ஐம்பது பேரும் முதலில் தயங்கினார்கள், பிறகு பயந்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை. அவர் பெயர் ஸாக்ரடீஸ்.

சீட்டுக் குலுக்கி அதிகாரிகளை எடுப்பதை ஸாக்ரடீஸ் பரிகாசம் செய்தார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. ஆனால் அன்று அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது அந்தச் சீட்டுக் குலுக்கல்தான்!

அங்கேயும் கை இரண்டு முறை உயர்ந்தது. தனித்தனியே விசாரிக்கலாம் என்றுதான் முதலில் முடிவாயிற்று. ஆட்சேபம் வந்து மறுபடி கை தூக்கியபோது அது தலைகீழாகிவிட்டது. ஊரில் இருந்த ஆறு தளபதிகளையும் கொன்றார்கள். ஏதென்ஸின் பெருமைக்கே காரணமான பெரிக்ளிஸின் மகனும் அவர்களில் ஒருவன். சில நாள் கழித்து ஊருக்குப் பச்சாதாபம் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களை ஏமாற்றியவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள்! கை தூக்கியவர்கள் எல்லோரும் நிரபராதிகளாகிவிட்டார்கள், பேசியவன்தான் பாவி.

மறுயோசனை இருந்தால் போதும், ஜனநாயகம் பிழைத்துக்கொள்ளும் என்று நான் முன்பு நம்பிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. அர்கினுஸே விவகாரத்திலும் ஒரே நாளில் முடிவாகவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒரு பண்டிகையே வந்து போயிற்று. அந்த அவகாசத்தில் கோபம் தணியவில்லை, வளர்ந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? டயோடாட்டஸ் ‘நீங்கள் செய்தது தவறு’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போக முடிந்தது. யூரிப்டோலமஸால் முடியவில்லை. இல்லை என்று சொல்லக்கூடிய மனிதனுக்குப் பயமில்லாத ஊரில்தான் இரண்டாவது கப்பல் புறப்படும்.

பிளேட்டோவுக்கு இந்த ஊர்மேல் வந்த கோபம் நியாயமானது. கி. மு. 399-ல் அவருடைய குருநாதரையே இந்த ஊர் நஞ்சு கொடுத்துக் கொன்றது. அதிலும் ஒரு கப்பல் உண்டு. டீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பி வருகிறவரையில் மரண தண்டனை கூடாது என்பது வழக்கம். ஸாக்ரடீஸ் ஒரு மாத காலம் சிறையில் காத்திருந்தார். மறுபடி யோசிக்க அந்த ஒரு மாதம் போதாதா? யாரும் யோசிக்கவில்லை. கப்பல் வந்தது, காரியம் முடிந்தது.

அரசு என்ற கப்பலை ஓட்டக் கடல் தெரிந்த மாலுமி வேண்டும், கூச்சல் போடுகிறவர்கள் கையில் சுக்கானைக் கொடுக்கக்கூடாது என்று பிளேட்டோ எழுதியதன் பின்னால் இந்தத் துக்கம் இருக்கிறது. ஞானியே அரசனாக வேண்டும் என்றார். சைரக்யூஸ் நகரத்துக் கொடுங்கோலனை ஞானியாக்கப் பார்த்துத் தோற்றும் திரும்பினார். அவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: ஞானியும் ஒரு நாள் கோபத்தில் ஒரு கப்பலை அனுப்பிவிட்டால், இரண்டாவது கப்பலை அனுப்பச் சொல்வது யார்?

அவருடைய சீடர் அரிஸ்டாட்டிலிடம் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. விருந்து எப்படி என்று சொல்லச் சமையல்காரனைவிடச் சாப்பிடுகிறவன் தகுந்தவன், வீடு எப்படி என்று சொல்லக் கட்டியவனைவிடக் குடியிருப்பவன் தகுந்தவன் என்று அவர் வாதிக்கிறார். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் கரிக்கிறது என்று சொல்லத் தெரியும். ஆள்வதற்கு வேண்டிய அறிவு எல்லோருக்கும் இல்லாமல் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு.

ரோமர்கள் தத்துவத்தில் கெட்டிக்காரர்கள் அல்ல; ஏற்பாட்டில் கெட்டிக்காரர்கள். ‘இல்லை’ என்ற சொல்லை அவர்கள் ஓர் உத்தியோகமாகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு கான்ஸலை இன்னொரு கான்ஸல் தடுக்கலாம். மக்களின் பிரதிநிதியான டிரிப்யூன் ஒருவன் வேண்டாம் என்றால் மசோதா நின்றுவிடும். ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்துகிற இந்தக் கலப்பு ஆட்சியே ரோமின் பலம் என்று, அங்கே பிணையாகப் போய் வாழ்ந்த கிரேக்கரான பொலிபியஸ் வியந்து எழுதினார். ஆனால் கி. மு. 133-ல் டைபீரியஸ் கிராக்கஸ், ஏழைகளுக்கு நிலம் கொடுக்கும் தன் சட்டத்தைத் தடுத்த சக டிரிப்யூனை வாக்கெடுத்துப் பதவியிலிருந்து இறக்கினான். சட்டம் நல்ல சட்டம். இருந்தாலும் ‘இல்லை’ என்றவனை அகற்றலாம் என்று அன்று ரோம் கற்றுக்கொண்டது. அதே வருஷம் செனட்டர்களும் அவர்களுடைய ஆட்களும் டைபீரியஸை அடித்துக் கொன்றார்கள். 90 வருஷம் கழித்து, கி. மு. 43-ல், குடியரசைப் பற்றி நூல் எழுதிய ஸிஸரோவின் தலையையும் கையையும் வெட்டி, அவர் நின்று பேசிய மேடையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். பேசுகிறவனுக்கு அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஏதென்ஸும் ஒன்றைக் கற்றுக்கொண்டது. போரில் தோற்று, முப்பதின்மர் கொடுங்கோன்மையையும் அனுபவித்து, மறுபடி ஜனநாயகம் வந்த கி. மு. 403-ல், மக்கள் சபையின் எந்தத் தீர்மானமும் சட்டத்துக்கு மேற்பட்டது அல்ல என்று விதித்தது. மக்களே மக்களின் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஸாக்ரடீஸை அதுவும் காப்பாற்றவில்லை என்பது வாஸ்தவம். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. எழுதி வைத்த சட்டம் கை தூக்குகிறவனின் மனசாட்சிக்கு மாற்று அல்ல.

ஆகையால் முதலில் கேட்ட கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆறாயிரம் பேர் செய்த பாவம் யாரைச் சேரும்? ஆறாயிரம் பேரையும் சேரும். ஒவ்வொருவனையும் முழுசாகச் சேரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பங்கு போட்டுக்கொள்ள அது பாகப் பிரிவினைச் சொத்து அல்ல. ஆனால் அதே கணக்கு நன்மைக்கும் பொருந்தும். ஏதென்ஸில் துடுப்பு வலித்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பிரஜைகள். சபையில் கை தூக்கும் உரிமை உள்ளவர்கள். இரண்டாவது கப்பலில் இருந்தவர்களில் சிலராவது முந்தின நாள் கொல் என்று கை தூக்கியிருப்பார்கள். அவர்கள் அந்தக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. அதே கையால் இரவும் பகலும் துடுப்பு வலித்தார்கள். நான் ஒருவன் வலிக்காவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கப்பல் போய்ச் சேருவதற்குள் மிட்டிலீனில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.