எண்ணாமல் நேரும் வினை

தீங்கு செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த செயலால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் அவ்வினை அவரைச் சாருமா என்ற கேள்வியில் சமணமும் பௌத்தமும் வேறு வேறு வழி செல்கின்றன. சேதனை, அதாவது மனம் ஒன்றை நாடுவதே வினை என்பது பௌத்த நிலை. நாட்டம் இல்லாவிட்டாலும் பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால் நேரும் உயிர்த்துன்பமும் இம்சையே என்பது சமண நிலை. விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கும் கொங்கு நாட்டில், திருப்பூரின் தொழில்வாழ்வு இக்கேள்வியை மீண்டும் எழுப்புகிறது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு காரீயம்: அது எவருடைய பகையும் இன்றிக் குழந்தையை வந்தடைகிறது. உடல் அதைச் சுண்ணாம்புச் சத்தாகக் கொண்டு எலும்பில் சேர்த்துவைப்பதால், தாயின் சிறுவயதில் புகுந்த நஞ்சு அவள் கருவுற்றிருக்கும்போது வெளிப்பட்டுக் கருவையும் எட்டுகிறது. பிறந்த பின்னரும், உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. காரீயம் கலந்த பெயின்ட் அடித்தவரோ பழைய பேட்டரியை உடைத்து உருக்கியவரோ அக்குழந்தையை எண்ணியே பார்த்ததில்லை. சேதனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இங்குக் குற்றவாளி எவருமில்லை.

குழந்தைகளுக்கான பொருள்களின் மேற்பூச்சில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதால், திருப்பூரில் அந்நாட்டுக்குத் தைக்கும் குழந்தைச் சட்டையின் பட்டன் பூச்சுக்கும் அந்த வரம்பு உண்டு. இந்தியாவிலும் வீட்டுப் பெயின்டுகளுக்கு அதே வரம்பு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் சரக்குக்கு ஆய்வறிக்கை கேட்க வாங்குபவர் இருக்கிறார். அதைத் தைத்தவரின் பிள்ளை சாய்ந்து விளையாடும் அங்கன்வாடிச் சுவருக்கு அறிக்கை கேட்க வேண்டிய கடமை உள்ளாட்சியையே சாரும்.

நீதிமன்றங்கள், சமண நூல்களைப் புரட்டாமலே, சமணர் பக்கம் சாய்ந்துவிட்டன எனலாம். வேலூர்த் தோல் ஆலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை, அதாவது தீங்கு ஐயமற நிறுவப்படும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பதை, இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆனால் திருப்பூரின் நொய்யல் ஆற்றில் அது காலங்கடந்தே வந்தது: பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போன பின்னரே, 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆற்றையாவது ஓரளவு மீட்கலாம். காரீயத்தால் குன்றிய அறிவாற்றலை மருத்துவம் மீட்டுத் தருவதில்லை. குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிப்பது தேவைதான் என்றாலும், அதை மட்டும் நம்பினால் குழந்தையின் உடலையே சோதனைக் கருவியாக்கியதாகும். அடியெடுத்து வைக்குமுன் தரையைப் பார்க்கச் சொல்லும் சமணத் துறவியரின் சமிதி என்ற ஒழுக்கம், மாநகராட்சி அலுவலகத்தில் அங்கன்வாடிக்குப் பெயின்ட் வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் 90 பங்கு வரம்புக்கான சான்றைக் கட்டாயமாக்கும் ஒரு வரியாகவும், பேட்டரி உடைக்கும் பட்டறைக்குக் குடியிருப்பு நடுவே உரிமம் மறுக்கும் ஒரு கையொப்பமாகவும் வடிவெடுக்கக்கூடியதே.