மூடிய கண்ணின் படம்

சென்ற சித்திரையில் குரும்பலூருக்குப் போயிருந்தேன். நான் பிறந்த ஊர். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் அந்த மண்ணில் என் தம்பி இன்னும் பயிர் செய்கிறான். அவனோடு நான் மனம்விட்டுப் பேசி 6 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா நோயுற்ற செய்தியை அவன் காலம் கடந்தே எனக்குச் சொன்னான். நிலத்தின் மேலுள்ள ஆசையால் வேண்டுமென்றே மறைத்தான் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

இரவு மொட்டை மாடியில் தம்பி மகன் தன் புதிய டிஜிட்டல் காமிராவைச் சோதித்துக்கொண்டிருந்தான். பச்சைமலைப் பக்கத்து வானத்தை 4 நிமிடம் படம் எடுத்துக் காட்டினான். நட்சத்திரங்கள் சிறு கோடுகளாக நீண்டிருந்தன. அவற்றினிடையே சிவப்பும் நீலமுமாக அசையாத புள்ளிகள்.

"இவை என்ன நட்சத்திரங்கள்?" என்றேன்.

அவன் சிரித்தான். லென்ஸை மூடியால் மூடி மறுபடியும் 4 நிமிடம் எடுத்தான். ஒளியே புகாத அந்தப் படத்திலும் அதே இடங்களில் அதே புள்ளிகள்!

"இது காமிராவோட சொந்தச் சூடு, பெரியப்பா."

படம் பதியும் சில்லு சூடேறினால், ஒளி படாமலே அதில் பொய் ஒளி தோன்றுமாம். வெப்பம் 6 முதல் 8 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரு மடங்காகும். அதனால்தான் வானியலார் அந்தச் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் போன்ற பெருங்கருவிகளுக்கும் இந்தக் கவலை உண்டு.

அடுத்து ஏதோ ஒரு விசையை மாற்றிவிட்டு வானத்தை எடுத்தான். 4 நிமிடம் முடிந்தும் காமிரா ஓயவில்லை.

"பழுதா?"

"இல்லை பெரியப்பா. கண்ணை மூடிக்கிட்டு அதே 4 நிமிஷம் தன்னையே ஒரு படம் எடுக்குது. அதிலே தெரியிற புள்ளிகளை முதல் படத்திலேருந்து கழிச்சிடும்."

"முன்பே மூடி எடுத்தாயே, அது போதாதா?"

"அதே நேரம், அதே சூடு இருக்கணும். ஆறினப்புறம் எடுத்தா கணக்கு ஒத்து வராது."

அந்த 4 நிமிட இருளில் நான் என்னைப் பார்த்தேன். அம்மா படுக்கையில் விழுமுன் 2 ஆண்டுகளாக நான் ஊர்ப்பக்கமே வரவில்லை. அந்த உறுத்தலின் சூடு என்னுடையது. அதைத் தம்பியின் முகத்தில் புள்ளியாக வைத்துவிட்டேன். உயிருள்ள மனிதன் 6 ஆண்டில் எவ்வளவோ நகர்ந்திருப்பான்; என் மனத்திலிருந்த புள்ளி மட்டும் நகரவே இல்லை.

அப்படியானால் குற்றமெல்லாம் பார்ப்பவன் கண்ணில்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கழித்த பிறகும் வானம் வெறுமையாகிவிடவில்லை, நட்சத்திரங்கள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் மாறிவிழும் மாசு கழித்தலுக்குச் சிக்காமல் கொஞ்சம் எஞ்சியும் இருந்தது. தம்பி தாமதித்தது மெய். 'ஆசையால்', 'வேண்டுமென்றே' என்ற இரு சொற்களும் நான் சேர்த்தவை. கண்ணைத் திறக்கவே அஞ்சுகிறவன் தன் மாசை மட்டுமே காண்கிறான். ஒருபோதும் மூடாதவனோ தன் மாசையே உலகம் என்கிறான்.

கீழே இறங்கினேன். தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அருகில் அமர்ந்து, "அன்று ஏனப்பா தாமதித்தாய்?" என்று கேட்டேன்.

6 ஆண்டுகளில் அதை நான் அவனிடம் ஒரு கேள்வியாகக் கேட்டது அதுவே முதல் முறை.