எதுவும் ஆகவல்ல நிலை

பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வேலூர் செல்லும் நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை ஆராயும் நிலையங்கள் உள்ளன. பெங்களூருவில் இன்ஸ்டெம் நிறுவனம்; வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மையம். இடையே வாழும் நம் முன் இவ்வாய்வு ஓர் அறவினாவை வைக்கிறது: ஒரு பணியில் நிலைத்துவிட்டவர், மற்ற அனைத்தையும் இழந்துவிட்டவரா?

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபு நூல்தான். தோலும் ஈரலும் வேறுபடுவது, அந்நூலின் எப்பக்கங்கள் வாசிக்கப்படுகின்றன என்பதால். அதை நெறிப்படுத்துபவை படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள். தொடக்கக் கருவின் உயிரணுவில் ஆக்ட்-4, சாக்ஸ்-2 முதலிய காரணிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்வரை, அது எவ்வுறுப்பாகவும் வளரவல்லது. அவை தணியும்போதே அது தன் பாதையை ஏற்கிறது.

அப்பாதை மீள முடியாதது என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமானாக்கா 24 காரணிகளைச் சோதித்து, நான்கே போதும் என 2006இல் எலியின் உயிரணுக்களிலும், 2007இல் மனிதத் தோலணுக்களிலும் காட்டினார்; முதிர்ந்த அணு தொடக்க நிலைக்குத் திரும்பியது. 2012இல் ஜான் கர்டனோடு நோபல் பரிசு பெற்றார். கருவை அழிக்காமலே இத்தகைய அணுக்களைப் பெற வழி பிறந்ததைத் திருச்சபையின் அறநெறியாளர் பலர் வரவேற்றனர்.

ஆனால், எதுவும் ஆகவல்ல அவ்வணுவை அப்படியே உடலில் செலுத்தினால், பல்வகைத் திசுக்கள் குழம்பிய கட்டியாகவே அது வளரக்கூடும். எனவே அதை மீண்டும் ஒரு பணிக்கு ஆற்றுப்படுத்த வேண்டும். 2014இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் தோலணு அவ்வாறு விழித்திரைத் திசுவாக்கப்பட்டு, அவர் கண்ணிலேயே பொருத்தப்பட்டது. எதுவும் ஆகலாம் என்ற நிலையில் நின்றிருந்தால், அது எவருக்கும் பயன்பட்டிராது.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஆண்டுக்கணக்கில் ஒரே இயந்திரத்தின் முன் நிற்பவர், தம் வாழ்வு சுருங்கிவிட்டதாக வருந்துவதுண்டு. குடும்பத்துக்காக மனமுவந்து ஏற்ற சுருக்கமெனில், அது இழப்பன்று, கொடை. ஆனால் மனிதர் உயிரணு அல்லர். கடனும் சாதியும் ஒப்பந்த முறையும் அவருடைய பக்கங்களை மூடியிருக்குமாயின், அதைத் தியாகம் என்று போற்றுவது அநீதி. மூடிய பக்கங்களும் அவருள் அழியாதிருக்கின்றன. அவற்றைத் திறக்க உதவுவது நம் கடமை.