உன் பிடிவாதத்தைத் தூக்கி எறியாதே

பகைவன் கோட்டைக்குள் போகிற பெண்ணுக்கு என்ன கொடுத்து அனுப்புவார்கள்? வாளா, கேடயமா? மெக் மர்ரிக்குக் கொடுக்கப்பட்டவை அவளுடைய குறைகள்!

மேடலின் லெங்கிள் எழுதி 1962-இல் வெளிவந்த 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலின் நாயகி அவள். பல்லில் கம்பி, முகத்தில் கண்ணாடி, சொன்னபடி கேட்காத தலைமுடி. விஞ்ஞானியான அப்பா காணாமல் போய், கடிதமும் நின்றுவிட்டது. எவளோடோ ஓடிப்போனார் என்று ஊர் பேசுகிறது. அவர் கற்றுத்தந்த குறுக்குவழியில் கணக்குப் போட்டால் பள்ளி ஏற்பதில்லை. கோபக்காரி, பொறுமை இல்லாதவள், பிடிவாதக்காரி என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, மெக் தன்னையே வெறுக்கிறாள்.

நீயும் அப்படி வெறுத்திருக்கிறாய் அல்லவா?

அவள் கண்ணாடியைக் கழற்றி அழுகிறபோது, அந்தக் கண்கள் எவ்வளவு அழகு என்று சொல்கிறவன் கால்வின். 14 வயது, பள்ளி கொண்டாடும் கூடைப்பந்து வீரன். 11 பிள்ளைகளில் ஒருவனான அவனை வீட்டில் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. காயம்பட்ட இரண்டு பிள்ளைகள் கைகோத்துக்கொள்கிற அந்த முதல் காதலை நான் வணங்குகிறேன்.

துணியை மடித்தால் இரு ஓரங்களும் ஒட்டுவதுபோல, வெளியை மடித்து, அப்பாவைத் தேடி மெக்கும் கால்வினும் அவள் தம்பி சார்லஸ் வாலஸும் கமஸோட்ஸ் என்ற கோளுக்குப் போகிறார்கள். அங்கே வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. தெருப்பிள்ளைகள் ஒரே நொடியில் பந்தைத் தட்டுகிறார்கள். தாளம் தப்பினால் தண்டனை! உடலே இல்லாத ஒரு மூளை அத்தனை பேரையும் ஆட்டிவைக்கிறது. அப்பாவை மீட்டுவிடுகிறார்கள், ஆனால் தம்பி சார்லஸ் வாலஸ் அதன் பிடியில் சிக்கிவிடுகிறான். அவனை மீட்க அப்பாவால் ஆகாது, கால்வினால் ஆகாது. அவனை நன்றாக அறிந்த மெக் தனியாகத் திரும்பிப் போக வேண்டும்.

போகிறாள். அடங்கிப்போகத் தெரியாத அந்தப் பிடிவாதம்தான் அவள் கால்களை நடத்துகிறது. அந்த மூளையை வெறுக்கிறாள். வெறுப்போ அதற்குத் தீனி. அதனிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது அப்போதுதான் அவளுக்குப் புலப்படுகிறது. தம்பியைப் பார்த்து, உன்னை நேசிக்கிறேன் என்று திரும்பத் திரும்பக் கூவுகிறாள். அவன் ஓடிவந்து அவள் கைகளில் விழுகிறான். ஊருக்குப் பயந்து அவள் எப்போதோ பணிந்திருந்தால், அவளும் அந்தத் தெருவில் பந்து தட்டிக்கொண்டிருப்பாள்!

லெங்கிளும் பணியாதவர்தான். 40-ஆவது பிறந்தநாளன்று அவருடைய படைப்பு ஒன்று மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இனி எழுதுவதில்லை என்று தட்டச்சுப் பொறியை மூடிவிட்டு அழுதபடி அறைக்குள் நடந்தார். நடக்கும்போதே, தோல்வியைப் பற்றி ஒரு கதை மனத்தில் உருவாவதைக் கண்டு, மூடியதைத் திறந்தார். பின்னர் எழுதிய இந்த நாவலைக் குறைந்தது 26 பதிப்பகங்கள் மறுத்தன. 1963-இல் இதற்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது.

தம்பி, தங்கையே, நாளை வகுப்பில் எழுந்து நில். மெக்கைப் போல, கணக்கை உன் வழியில் போட்டுக் காட்டு. விடை சரியா என்று மட்டும் கேள்.